புன்னைத்துறையில் புரையேறிய காலம்

புன்னைத்துறை அந்தோணியார் திருவிழாவின் கடைசி நாள் அசன விருந்தில், சோறு விழுந்து, கறிக்குழம்பு விழுந்து, பங்குத்தந்தை செபம் சொல்லி முடித்து, ஊரே முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்தில், பந்தியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்த இருபத்துமூன்று பெண்களுக்கு ஒரே நொடியில் புரையேறியது. பக்கத்து இலைக்காரிக்கு ஒன்றுமில்லை, எதிர் இலைக்காரனுக்கு ஒன்றுமில்லை, காரம் பொறுக்காத சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஒன்றுமில்லை. அந்த இருபத்துமூன்று பேர் மட்டும் கண் பிதுங்கி, மூக்கில் நீர் வழிய, மார்பைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். இருமி ஓய்ந்து நிமிர்ந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்தபோதுதான் ஊருக்கு உறைத்தது: ஏழு வருஷத்துக்கு முந்திய கார்த்திகைப் புயலில் கடலுக்குப் போய், கரை திரும்பாமலும் உடல் ஒதுங்காமலும் போனவர்களின் பெண்சாதிகள் அத்தனை பேரும் இவர்கள்தான்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பதைத் தமிழ் பேசும் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சந்தலையில் தட்டி, "யாருட்டி நெனக்கா?" என்று கேலியாகக் கேட்பது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, கறி வாளியோடு நின்றவன் நின்றபடியே நின்றான். கடைசியில் மரிய புஷ்பம் என்கிறவள் சோற்றுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அவியதான். எங்கயோ உக்காந்து சாப்பிடுதாவ. சாப்பிடும்போது நம்மள நெனச்சிட்டாவ" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

அதே பந்தியில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த டாக்டர் செண்பகவல்லியின் கைப்பைக்குள், அதே நொடியில், கைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பது மரியாதையில்லை என்று அவள் எடுக்கவில்லை.

செண்பகவல்லி ஊசி போடுகிற டாக்டர் அல்ல. மனநலப் பிரிவில் நோயாளிகளோடு பேசிப் பேசி மனசின் முடிச்சை அவிழ்க்கிற, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் இணைப் பேராசிரியர். பேராசிரியராவதற்குக் காத்திருந்தாள், கூடச் சேர்ந்தவர்களெல்லாம் ஓய்வுபெறத் தொடங்கிவிட்ட அளவுக்குப் பழைய காத்திருப்பு அது. அந்த உலகத்தில் மனுஷரை நிறுக்கிற தராசு வேறு: எத்தனை கட்டுரை எழுதினாய், உன் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள், அவ்வளவுதான். அவள் எழுதாமல் இல்லை. செவிலியர் மாணவிகளின் தேர்வு பயம், இரவுக் காவலர்களின் தூக்கம், சர்க்கரை நோயாளிகளின் மனச்சோர்வு என்று எழுதிக் குவித்தாள்; எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. ஒன்றே ஒன்றுதான் சிறகு முளைத்துப் பறந்தது. புன்னைத்துறைக்கு வாரம் தவறாமல் வந்து, இந்த இருபத்துமூன்று பேரோடும் மீன்கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டு எழுதி, அந்த வருஷம்தான் வெளியான 'உடல் கிடைக்காத துயரம்' என்ற கட்டுரை அது. அதை ஜப்பான்காரர் மேற்கோள் காட்டினார், நார்வேக்காரர் மேற்கோள் காட்டினார், பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத தேசத்துக்காரர்களெல்லாம் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கைபேசிக்குத் தகவல் வரும், அவள் முகம் மலரும். பாவம், வேறு சந்தோஷத்துக்கு அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

அசனத்தோடு புரை நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தது, சில வாரம் அடைமழை மாதிரி வந்தது, இருபத்துமூன்று பேருக்கும் ஒன்றாக வந்தது, ஒன்றாக நின்றது. ஏன் இந்த வருஷம் தொடங்கியது, ஏன் போன வருஷம் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. மீன் ஏன் இந்த வருஷம் வந்தது என்று கேட்கிற வழக்கமும் அந்த ஊரில் இல்லை. ஏலம் விடுகிறவன் அந்தப் பெண்கள் இருமி முடிக்கிறவரை விலையை நிறுத்திப் பிடித்தான், பேருந்து நடத்துநர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். விடியற்காலையில் ஏறினால் ஆள் அமெரிக்கப் பக்கம், மத்தியானம் ஏறினால் வளைகுடா, சாயங்காலம் ஏறினால் ஐரோப்பா என்று டீக்கடை பெஞ்சில் உலகப்படமே விரிந்தது. வெறும் செருமலாக வந்தால் வேலைக்கு நடுவே போகிற போக்கில் நினைத்திருக்கிறான், மூக்கில் ஏறிக் கண்ணில் வழிந்தால் அழுதுகொண்டே நினைத்திருக்கிறான் என்று தரம் பிரித்தார்கள். மரிய புஷ்பம் புருஷனுக்குப் புதுச் சட்டை எடுத்து, இத்தனை வருஷத்தில் இளைத்திருப்பான் என்று ஒரு அளவு குறைத்துத் தைக்கக் கொடுத்தாள். தாலுகா அலுவலகத்தில், ஏழு வருஷம் கழிந்ததால் இறப்புச் சான்று கேட்டுக் கொடுத்திருந்த மனுக்கள் எல்லாம் திரும்பி வந்தன: 'மனுதாரருக்குப் புரையேறுவது ஊரறிந்த செய்தியாக இருப்பதால், கணவர் நினைக்கும் நிலையில் உள்ளார் எனக் கருத வேண்டியுள்ளது.' கீழே வட்ட முத்திரை.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் டெல்பின். கம்பெனியில் இறால் உரித்து, உரித்த விரல் எரிய எரிய மகளைப் படிக்கவைத்தவள். ஏழு வருஷம் சூசைமிக்கேலுக்காகக் காத்திருந்துவிட்டு, பக்கத்து ஊரில் வள்ளத்து எஞ்சின் பழுதுபார்க்கிற செல்வினைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். செல்வின் மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன், டெல்பினுடைய மகளுக்கு மிதிவண்டிச் சங்கிலி மாட்டிக் கொடுத்தே அந்த வீட்டுக்குள் இடம் பிடித்தவன். கல்யாணத்தை ஊரறியச் சொல்லுகிற ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிக்கும் முன்னால்தான் அசனம் வந்தது, புரையும் வந்தது.

"நெனக்கிற மனுசன் இருக்கும்போது நான் எப்படிம்மா ஓலை வாசிக்க?" என்று பங்குத்தந்தையான ரெமிஜியுஸ் ஃபாதர் கையை விரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டப்படிதான் இரக்கப்படுவார். அதற்குப் பிறகு டெல்பினுக்கு ஒவ்வொரு தடவை புரையேறும்போதும் தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. மற்றப் பெண்களுக்கு வரமாக வந்தது அவளுக்குக் குற்றச்சாட்டாக வந்தது.

"ஏழு வருசமா நெனக்காத மனுசனுக்கு, நான் கல்யாணச் சேல எடுத்ததும் நெனப்பு வந்துட்டு பாத்தியளா டாக்டரம்மா?" என்று, ஒரு சனிக்கிழமை தன் வீட்டுக்கு வந்த செண்பகவல்லியிடம் டெல்பின் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை. "உசிரோட இருந்தா வரட்டும். வந்து நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கட்டும். வராம இப்படித் தொண்டைக்குள்ள வந்து உக்காந்தா நான் எங்க போவேன்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஏறியது. அதே நொடியில் செண்பகவல்லியின் கைபேசி அதிர்ந்தது. இந்த முறை அவள் எடுத்துப் பார்த்தாள். போர்ச்சுகலில் யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவி, 'உடல் கிடைக்காத துயரம்' கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தாள். செண்பகவல்லி விரலால் தள்ளித் தள்ளிப் பழைய தகவல்களுக்குப் போனாள். அசனத்து நேரத்தில் வந்ததுதான் முதலாவது, அதற்குப் பிறகு ஊர் பேசிக்கொண்ட ஒவ்வொரு புரைக்கும் ஒன்று இருந்தது. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தன்னுடைய ஒவ்வொரு சந்தோஷமும் இந்தப் பெண்ணின் தொண்டையில் போய் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை முடித்துவைக்காமல் ஓய்வதில்லை என்று அப்போதே தீர்மானித்தாள். கோவில்பட்டிக்காரி, தீர்மானித்தால் தீர்மானித்ததுதான்.

முதலில் நேரடியாகவே சொல்லிப் பார்த்தாள். உங்களை நினைப்பது உங்கள் வீட்டுக்காரர்கள் அல்ல, என் கட்டுரையைப் படித்து உங்களைப் பற்றி எழுதுகிற வெளிதேசத்துப் படிப்பாளிகள் என்றாள். பெண்கள் கோபிக்கவில்லை, பரிதாபப்பட்டார்கள். "படிச்சுப் படிச்சுப் பிள்ளைக்கு மண்ட சூடாயிட்டு, எங்க புருசன்மாருக்கே போட்டிக்கு வருது" என்றாள் மரிய புஷ்பம். சரி, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று செண்பகவல்லி சவால் விட்டாள். மதுரையில் வெளியாகிற கருத்தரங்க மலர் ஒன்றில் ஒரு சின்னக் கட்டுரை எழுதி, அதில் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டி, மலர் வெளியாகிற நேரத்தை முன்கூட்டியே சொல்லி, பெண்களையெல்லாம் மீன் ஏலக்கூடத்தில் உட்காரவைத்தாள். நேரம் வந்தது, நேரம் போனது, ஒருத்திக்கும் ஒரு செருமல்கூட வரவில்லை. ஏலக்கூடமே சிரித்தது.

டெல்பின் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்தாள். "கோவிச்சிக்கிடாதிய. அத எழுதும்போது நீங்க ஒங்க பேரத்தான நெனச்சிய? எங்களயா நெனச்சிய?"

சுரீரென்றது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தபோது எல்லாம் துலங்கியது. படிக்காமலே அடுத்தவர் பட்டியலிலிருந்து பெயரை உருவிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் அந்தச் செருமல். வரி விடாமல் படித்து, இரவு தூங்காமல் கிடந்து, பிறகு எழுதுகிறவர்கள் சிலர், அவர்கள்தான் மூக்கில் ஏறுகிறார்கள். தான் எண்ணிப் பெருமைப்பட்ட மேற்கோள்களில் பெரும்பாலானவை வெறும் தொண்டைச் செருமல்தான் என்று தெரிந்தபோது, அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆக, படித்துவிட்டு எழுதுகிற ஒரு ஆள் வேண்டும், சொன்ன நேரத்தில் வெளியிடுகிற ஆளாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரே ஆள்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்: பக்கத்து அறை டாக்டர் குலசேகரன். கல்லூரி ஆய்விதழுக்கு அவர்தான் ஆசிரியர். அவர் பொத்தானை அமுக்கினால் இதழ் உலகத்துக்குப் போய்விடும். காலியாகிற ஒரே பேராசிரியர் இடத்துக்கு அவளோடு போட்டியில் இருப்பவரும் அவர்தான். கடல் தாண்டி ஏழெட்டு தேசத்துக்காரர்களை மேற்கோள் காட்டுவாரே தவிர, நடுவில் இருக்கிற ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டி அவர் மேற்கோள் வந்ததே இல்லை.

செண்பகவல்லி முழுக்கதையும் சொன்னாள். குலசேகரனுக்கும் ஆச்சரியம் வரவில்லை. "நடக்கக்கூடியதுதான். நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப எங்கம்மாவுக்கு இப்படி ஏறும்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆனா நீங்களே யோசிங்க மேடம். நான் காட்டுற மேற்கோள் உங்க கணக்குல ஏறும். போட்டிக்கு நிக்கிற ஆளுக்கு நானே ஏணி பிடிக்கணும்னா எப்படி?" என்றார்.

"நான் போட்டியில இல்லன்னா?"

"இல்லன்னா பேச்சே இல்ல."

அங்கேயே உட்கார்ந்து, அவருடைய பேனாவை வாங்கியே, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வலித்தது. எத்தனையோ தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல், எத்தனையோ கல்யாணத்துக்கு மொய் மட்டும் அனுப்பிவிட்டுச் சேர்த்த பெயர் அது. ஆனால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமிய டெல்பினின் முகம் கண்முன் நின்றது. "ஒரு நிபந்தனை. முழுசா படிச்சிட்டுத்தான் எழுதணும்" என்றாள். குலசேகரன் கொஞ்சம் அவமானப்பட்டவர்போலத் தலையாட்டினார், ஏனென்றால் அதுவரை அவர் படித்ததில்லை.

மறுபடியும் ஏலக்கூடம் கூடியது. இந்த முறை ரெமிஜியுஸ் ஃபாதரும் வந்திருந்தார். தாலுகா அலுவலகத்து அதிகாரி குடையோடு வந்து, ஐஸ் பெட்டி மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். செல்வின் தூணுக்குப் பின்னால் நின்றான். செண்பகவல்லி கைபேசியில் குலசேகரனை அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். வழக்கமாக மேடை அதிரப் பேசுகிறவரின் குரல் அன்றைக்கு உள்ளடங்கி வந்தது.

"மேடம், ரெண்டு தடவ படிச்சேன். நீங்க ஏழாம் நம்பர்னு போட்டிருக்கிற அந்தப் பெண், வீட்டுக்காரர் திரும்பி வந்து தட்டினா கேக்காமப் போயிடுமோன்னு கதவத் தாழ்ப்பாள் போடாமலே தூங்குறவங்க… அவங்க அங்க இருக்காங்களா?"

செண்பகவல்லி டெல்பினைப் பார்த்தாள். "இருக்காங்க சார்."

"சரி. அமுக்குறேன்."

அதுவரை வராத அளவுக்குப் புரை வந்தது. இருபத்துமூன்று பேரும் தரையில் சாய்ந்துவிட்டார்கள், தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் ஓடினார்கள், தாலுகா அதிகாரி பயந்துபோய் எழுந்து குடையை விரித்தார். ஓய்ந்தபோது யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. அதிகாரி சான்றுகளை வழங்கத் தடையில்லை என்றார். ஃபாதர், "ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலைய வாசிச்சிருவோம்மா" என்றார். மரிய புஷ்பம் எழுந்து வீட்டுக்குப் போனாள். அந்தப் புதுச் சட்டை அவள் வீட்டுக் கொடியில் தொங்குவது செண்பகவல்லிக்குத் தெரியும். உண்மையைச் சொல்வது நல்லதுதான், ஆனால் அன்றைக்கு அவள் இருபத்துமூன்று பேரை இரண்டாம் முறை கொன்றவளாகத்தான் நின்றாள்.

டெல்பின் சந்தோஷப்படுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்ப ஒரு தடவகூடவா நெனக்கல அந்த மனுசன்?" என்று கேட்டாள். பிறகு அவளே, "பொறுங்க ஃபாதர். ஓலை இருக்கட்டும்" என்று சொல்லி செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள். "இத்தன தேசத்துக்காரவியளும் எங்களப் பத்தி என்னத்தத்தான் எழுதுதாவ? வாசிங்க, கேப்போம்."

செண்பகவல்லி கைபேசியிலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சுற்றி வளைத்து எல்லாம் ஒன்றையே சொல்லின: தென்னிந்தியக் கடலோரப் பெண்கள் மரணத்தை ஏற்க மறுக்கிறார்கள். அது அவளுடைய கட்டுரையின் முடிவுரையில் இருந்த வரிதான்.

"மறுக்கமா?" என்றாள் டெல்பின். "ஒரு எலும்பக்கூடக் கொண்டாந்து தராம, எத ஏக்கச் சொல்லுதாவ?"

"எங்களுக்கு நம்பர் போட்டிய, சரி" என்றாள் இன்னொருத்தி. "அவிய பேரு எங்க? எங்க ஆளுவ பேரு ஒண்ணு வரலியே."

இல்லைதான். 'காணாமற்போன மீனவர்கள், எண்ணிக்கை இருபத்துமூன்று' என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். செண்பகவல்லி அன்று மாலையே புதுக் கட்டுரை தொடங்கினாள். இந்த முறை அவள் கேட்கவில்லை, அவர்கள் சொன்னார்கள். சூசைமிக்கேல் வலை இழுக்கும்போது பாட்டின் முதல் அடியை மட்டும் பாடிக்கொண்டே இருப்பான், இரண்டாவது அடி அவனுக்குத் தெரியாது. மரிய புஷ்பத்தின் புருஷன் நண்டு தின்றால் உடம்பு தடிக்கும், ஆனாலும் தின்பான். இப்படி இருபத்துமூன்று பேரும் பெயரோடு, வீட்டுப் பெயரோடு, கிறுக்குத்தனத்தோடு வந்து இறங்கினார்கள். கல்லூரி நெறிமுறைக் குழு பெயர்களை மறைக்கச் சொன்னது. "பேட்டி கொடுத்தவங்க பேரத்தான் மறைக்கணும்னு விதி. இவங்க யாரும் பேட்டி கொடுக்கல" என்று செண்பகவல்லி வாதாடி ஜெயித்தாள். ஒரு ஆய்விதழ் நீளம் என்று திருப்பியது, இன்னொன்று இது அறிவியலா என்று கேட்டது, மூன்றாவது பெயர்களை எடுத்தால் போடுகிறோம் என்றது. அவள் ஒரு பெயரையும் எடுக்கவில்லை. குலசேகரன் பேராசிரியரானார், மாலை போட்டார்கள், அவளும் கை தட்டினாள், மறுநாள் கட்டுரையை நாலாவது இதழுக்கு அனுப்பினாள். அது போட்டது.

அதற்குள் பழைய கட்டுரைக்கு மவுசு குறைந்து, புரையும் அரிதாகிவிட்டது. செல்வின் அவசரப்படவில்லை. எஞ்சினைக் கழற்றிப் பழகியவனுக்குக் காத்திருப்பு பழக்கம்தான்.

ஒரு சாயங்காலம் பெண்களெல்லாம் கடற்கரையில் கருவாடு அள்ளிக்கொண்டிருக்க, செண்பகவல்லி அவர்களோடு நின்றிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. புதுக் கட்டுரைக்கு முதல் மேற்கோள். அவள் பதறிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் இருமவில்லை. யாருக்கும் ஒரு செருமல்கூட இல்லை. படிக்காமல் போட்டிருப்பார்களோ என்று திறந்து பார்த்தாள். வட கடலில் ஏதோ ஒரு தீவு, அங்கேயும் வள்ளம் திரும்பாத ஊர். எழுதியவள் இருபத்துமூன்று பெயரையும் ஒன்று விடாமல், எழுத்துக்கூட்டி, தன் கட்டுரைக்குள் வரிசையாக எழுதியிருந்தாள். செண்பகவல்லி அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு, "நல்லாப் படிச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஏன் உங்களுக்கு ஏறலன்னு தெரியல" என்றாள்.

"எங்களுக்கு எதுக்கு ஏறணும்?" என்றாள் டெல்பின். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களப் பத்தியா எழுதியிருக்கு? அவியளப் பத்தில்லா எழுதியிருக்கு. அவியளுக்குல்லா இப்ப ஏறியிருக்கும்." அதற்கப்புறம்தான் அவள் குரல் உடைந்தது. "உப்புத் தண்ணிக்குள்ள கெடந்துகிட்டு, இருமுனா குடிக்க என்னத்த இருக்கு அவியளுக்கு?"

அன்று வந்த லாரியில் தண்ணீர் பிடித்துக் கரையில் வைத்திருந்த குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, குடத்தைச் சாய்த்து, நல்ல தண்ணீரைச் சிந்தாமல் சிதறாமல், குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி மெல்ல மெல்லக் கடலுக்குள் ஊற்றினாள். ஊற்றும்போது, "குடிச்சுக்கோ" என்றாள், "குடிச்சுக்கோ." மரிய புஷ்பம் அடுத்த குடத்தோடு இறங்கினாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். லாரி இனி நாலு நாள் கழித்துத்தான் வரும், ஆனாலும் ஒருத்தியும் ஒரு சொம்பு மிச்சம் வைக்கவில்லை.

டெல்பின் கரையேறியபோது ஊர் கூடிவிட்டிருந்தது. செல்வின் வந்து வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டான், அவள் கொடுத்தாள். சேலையைப் பிழிந்துவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ரெமிஜியுஸ் ஃபாதரைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலைய வாசிங்க ஃபாதர்."